சினிமா டிக்கெட் வரி: சுமை யார் தலையில்?

சினிமா டிக்கெட்டுக்கு வரி போடுவது இந்நாட்டில் புதிய விஷயம் அல்ல. வங்காளத்தில் 1922-லேயே அது வந்துவிட்டது. மறு ஆண்டு பம்பாய் பின்பற்றியது. சென்னை மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபையின் காலத்தில், 1939-ல், கேளிக்கை வரிச் சட்டம் பிறந்தது. மதுவிலக்கினால் கள், சாராய வருமானம் குறையத் தொடங்கிய நேரம் அது. கஜானாவை நிரப்ப வேறு வழி தேட வேண்டியிருந்தது.

அன்று தொட்டுப் பட முதலாளிகளும் கொட்டகைக்காரர்களும் இந்த வரியைப் பற்றிக் குறை கூறி வருகிறார்கள். 1949 ஜூன் 30-ந் தேதி, வரியை எதிர்த்து நாடெங்கும் கொட்டகைகள் அடைக்கப்பட்டன. 2017 ஜூலையில் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொட்டகைகள் நான்கு நாள் மூடிக் கிடந்தன. இரண்டு தடவையும் குரல் ஒன்றுதான்: "வரியைத் தாங்க முடியவில்லை!"

உண்மையில் தாங்குகிறவர் யார்?

பொருளாதார நிபுணர்கள் வெகு காலமாகச் சொல்லிவரும் உண்மை ஒன்று உண்டு. வரியைச் சர்க்காரிடம் கட்டுகிறவர் ஒருவர். அதைச் சுமக்கிறவர் வேறொருவராக இருக்கலாம். விலகிப் போக எவருக்கு வழி குறைவோ, அவர் தலையில்தான் சுமை இறங்கும். தமிழ் சினிமாவின் அண்மைக்கால வரலாறு இதற்கு நல்ல சாட்சி.

பெயருக்கு ஒரு சலுகை

தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று 2006-ல் கருணாநிதி அரசு அறிவித்தது. உடனே பெயர்கள் மாறின. "ஜில்லுனு ஒரு காதல்" என்று விளம்பரமான படம் "சில்லுனு ஒரு காதல்" ஆயிற்று. 2011-ல் ஜெயலலிதா அரசு, பெயர் மட்டும் போதாது, தணிக்கைக் குழுவின் "யு" சான்றிதழும் வேண்டும், தமிழ்ப் பண்பாட்டுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகளைக் கூட்டியது.

மொழிப்பற்று போற்றத்தக்கதே. ஆனால் விட்டுக்கொடுத்த பணம் எங்கே போயிற்று? 2017-ன் முற்பகுதி வரை மல்டிபிளெக்ஸ் கொட்டகைகளில் அரசு அனுமதித்த உச்ச விலை 120 ரூபாய். விலக்குப் பெற்ற படத்துக்கும் பொதுவாக அதே 120 ரூபாய்தான். பெறாத படத்துக்கும் அதே 120 ரூபாய்தான். ரசிகருக்குக் காலணா மிச்சம் இல்லை. பலன் படத் தயாரிப்பாளர், விநியோகஸ்தர், கொட்டகைக்காரர் ஆகியோருக்குள்ளேயே பங்காகிவிட்டது.

அந்தப் பங்கிலும் நியாயம் இருந்ததா? வரி நூற்றுக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். 10 கோடி ரூபாய் வசூலித்த படத்துக்குச் சலுகை ஒன்றரைக் கோடி. 10 லட்சம் வசூலித்த படத்துக்கு ஒன்றரை லட்சம். வென்றவனுக்கு விருந்து, தோற்றவனுக்குத் துணுக்கு! புதிதாகப் படமெடுக்க வந்து கடனில் மூழ்கியவனை அது கரையேற்றாது.

இன்னொரு பக்கமும் உண்டு. கேளிக்கை வரியின் பெரும்பகுதி நகரசபைகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் சேர வேண்டிய பணம். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் ஆகும் காசு அது. பெயருக்குக் கொடுத்த சலுகையின் செலவில் ஊராரும் பங்கு ஏற்றார்கள்.

சலுகை போய் வரி வந்தது

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. அமலாயிற்று. 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவிகிதம். அதற்கு உட்பட்டதற்கு 18 சதவிகிதம். இம்முறை வரி விலைக்குள் அடங்கவில்லை. விலையின் மேல் ஏறியது. 120 ரூபாய் டிக்கெட் 153 ரூபாய் 60 காசாயிற்று. அக்டோபரில் மல்டிபிளெக்ஸ் உச்ச விலையை 150 ரூபாயாக உயர்த்தினார்கள். புதிய தமிழ்ப் படத்துக்கு உள்ளாட்சிக் கேளிக்கை வரி 8 சதவிகிதம் என்றும் முடிவாயிற்று. இரண்டு வரியும் சேர்த்தால் 204 ரூபாய்! ஜூன் மாதத்தில் 120 கொடுத்தவர் நான்கே மாதத்தில் 84 ரூபாய் அதிகம் கொடுத்தார்.

வரி விலக்கு மேல் தட்டிலேயே தங்கிவிட்டது. வரியோ நேரே கீழ் தட்டுக்கு இறங்கிவிட்டது. இதுதான் கவனிக்க வேண்டிய பாடம்.

சூதாட்டத்தின் பக்கத்தில்

சினிமாவை ஆடம்பரமாகப் பார்க்கும் வழக்கம் சட்டத்திலேயே ஊறிப்போனது. அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் கேளிக்கை வரி, ஆடம்பரப் பொருள், பந்தயம், சூதாட்டம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. 2016-ல் செய்த 101-வது திருத்தம்தான் அந்த வரிசையைக் கலைத்தது. சினிமாவைத் தொழில் என்று மத்திய அரசு அங்கீகரித்ததே 1998-ல்தான். அதுவரை பாங்கிக் கடனுக்கு வழியில்லாத பட முதலாளிகள் வட்டிக்காரரிடம் போனார்கள். அந்த வட்டியும் ஒருவகை வரிதான்.

பிறகு ஜி.எஸ்.டி. குறைந்தது. 2019 ஜனவரியில் 28 என்பது 18 ஆயிற்று. 18 என்பது 12 ஆயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல், 100 ரூபாய்க்கு மேற்படாத டிக்கெட்டுக்கு 5 சதவிகிதம்தான். சிற்றூர்க் கொட்டகையில் குடும்பத்தோடு படம் பார்க்கும் உழைப்பாளிக்கு இது நல்ல செய்தி; ஆனால் டிக்கெட் விலையும் அந்த அளவுக்கு இறங்கினால்தான்.

கலையை வளர்க்க வேண்டுமானால் வரியை மறைவாக விட்டுக்கொடுப்பதை விட, மானியத்தைப் பகிரங்கமாகக் கொடுப்பது மேல். சிறு முதலீட்டில் எடுக்கும் நல்ல படங்களுக்கு மானியம் தரும் வழக்கம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே உண்டு. அதில் யாருக்கு எவ்வளவு என்பது பட்ஜெட்டில் தெரியும்; சட்டசபையில் கேள்வி கேட்கலாம். வரிவிலக்குக்கு அந்தக் கணக்கு இல்லை. கணக்கில்லாத தர்மம் கேட்டவனுக்குப் போய்ச் சேராது. கிட்டே நின்றவனுக்குத்தான் போய்ச் சேரும்.