பட்டும் வராத புத்தி

‘பட்டாத்தான் புத்தி வரும்’ என்ற வாக்கியத்தைக் கொஞ்ச காலத்துக்கு யாரும் சொல்லக் கூடாது என்று ஒரு தடை போட்டால் நன்றாக இருக்கும். பையன் வண்டியிலிருந்து விழுந்தால் சொல்கிறோம். சித்தப்பா சீட்டுப் பணத்தை விட்டால் சொல்கிறோம். ஒருத்தன் மூன்றாவது முறையாக அதே மாதிரி கம்பெனியில் சேர்ந்து அதே மாதிரி ஆறு மாதத்தில் வெளியே வந்தாலும் சொல்கிறோம். படுவது நிஜம்தான். புத்தி வருகிறது என்பதற்குத்தான் சாட்சியைக் காணோம்.

கொங்கு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 2009-இல் திருப்பூரில் பாசி ஃபாரெக்ஸ் நிறுவனம் கவிழ்ந்தது. அந்நியச் செலாவணி வர்த்தகத்தில் லாபம் என்று சொல்லி மக்களிடம் வாங்கியது 930 கோடி ரூபாய் அளவுக்கு. மூன்றே வருடம் கழித்து, 2012-இல், பக்கத்திலேயே இருக்கும் பெருந்துறையில் சுசி ஈமு பண்ணை கவிழ்ந்தது. பாசி விவகாரம் அலசப்படாத டீக்கடை அந்தப் பக்கம் இருந்திருக்காது. அலசி எடுத்த பாடம் என்ன? ஃபாரெக்ஸை நம்பாதே. ஈமு ஃபாரெக்ஸ் இல்லையே! கண்ணெதிரே ஆளுயரத்துக்கு நிற்கிற பறவை. தீவனம் தின்கிறது, முட்டை போடுகிறது. ‘காகிதத்துல காட்டுற லாபமா இது? தோட்டத்துல நிக்குதுங்க.’

கொஞ்சம் பின்னால் போனால் 1990-களில் சென்னை அனுபவ் நிறுவனம் தேக்கு மரத்தைக் காட்டிப் பணம் வாங்கியது. முன்னால் வந்தால் 2022-இல் ஆருத்ரா கோல்டு. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், 2,438 கோடி ரூபாய். முதலீட்டாளர் நலனைப் பாதுகாக்கத் தமிழ்நாடு 1997-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேக்கு, ஃபாரெக்ஸ், ஈமு, தங்கம். பெயர்ச்சொல் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு முறையும் நாம் கற்றுக்கொண்டது அந்தப் பெயர்ச்சொல்லைத்தான்.

ஈமு வளர்த்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். சமூக வலைத்தளங்களில் இன்றைக்கும் அது ஒரு நிரந்தர ஜோக். ஆனால் அவர்கள் யார்? மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்து, எத்தனையாவது ஈத்து என்று கேட்டு, கடைசியில் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசத் தெரிந்தவர்கள். மஞ்சள் விலை எப்போது ஏறும் என்று கணிக்கிறவர்கள். ஈமு விஷயத்திலும் அவர்கள் கேள்வி கேட்காமல் இல்லை. என்ன தீவனம், என்ன நோய் வரும், கொட்டகை எவ்வளவு அகலம், வேலி எவ்வளவு உயரம் என்று எல்லாம் கேட்டார்கள். அத்தனையும் கொட்டகைக்கு உள்ளே இருக்கிற கேள்விகள். கொட்டகைக்கு வெளியே ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: இந்தக் கறியையும் எண்ணெயையும் கடைசியில் காசு கொடுத்து வாங்கப்போவது யார்? சந்தையில் ஈமுக் கறி கேட்டு நின்றவர் இல்லை. குஞ்சு வாங்கியவர் அடுத்ததாகப் பண்ணை போடவந்தவர்தான். நிறுவனம் கவிழ்ந்ததும் பறவைகள் பட்டினி கிடந்தன. அரசு தலையிட்டுத் தீவனம் போட வேண்டியிருந்தது. அந்தப் பறவைக்கு ஊரில் வேறு தேவையே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

இங்கேதான் ‘பேராசை பெருநஷ்டம்’ என்று யாராவது குறுக்கே வருவார்கள். எனக்கு அந்தப் பழமொழி மேலும் கோபம் உண்டு. அது விளக்கம் மாதிரி இருக்கிறது, உண்மையில் ஒரு திட்டு. ஏமாந்தவனைக் கெட்டவனாக்கி, பார்த்துக்கொண்டிருப்பவனை நல்லவனாக்குகிறது. ‘எனக்குப் பேராசை இல்லை, அதனால் எனக்கு நடக்காது’ என்று அவன் நிம்மதியாகப் படுத்துவிடலாம். மாதச் செலவுக்கு ஒரு வழி தேடி ஓய்வூதியப் பணத்தைப் போட்டவருடைய ஆசை அப்படி ஒன்றும் பெரிசில்லை. அவர் பார்த்த சதுரம் சின்னது, அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் கதை, படித்த இளைஞர்கள் விவரமானவர்கள் என்கிறீர்களா? பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தைப் பாருங்கள். 2021-22 நிதியாண்டில் அதில் இறங்கிய தனிநபர்களில் 89 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள் என்று 2023 ஜனவரியில் செபி அறிக்கை வெளியிட்டது. அதோடு விடவில்லை. பத்துப் பேரில் ஒன்பது பேர் நட்டப்படுகிறார்கள் என்ற எச்சரிக்கையைச் செயலிக்குள் நுழையும்போதே காட்ட வேண்டும், பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டால்தான் உள்ளே விட வேண்டும் என்று தரகு நிறுவனங்களுக்கு உத்தரவும் போட்டது. விளைவு? 2021-22இல் சுமார் 51 லட்சமாக இருந்த வர்த்தகர்கள் 2023-24இல் சுமார் 96 லட்சமானார்கள். அவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்குக் கீழே. அந்த மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் 93 சதவீதம் பேருக்கு நட்டம். இதில் என்னைத் தூங்கவிடாத எண் வேறு: தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நட்டப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் மறுபடியும் அதே வர்த்தகத்தைத் தொடர்ந்தார்கள்.

பட்டவர்கள்தானே இவர்கள்? பட்டதும் ஏதோ கற்றுக்கொண்டும்தான் இருப்பார்கள். ‘ஸ்டாப் லாஸ் போடாம விட்டுட்டேன்.’ ‘வியாழக்கிழமை எக்ஸ்பைரில கை வச்சிருக்கக் கூடாது.’ ‘அந்த டெலிகிராம் குரூப் சரியில்ல ப்ரோ, வேற ஒண்ணு இருக்கு.’ எல்லாம் பாடங்கள். எல்லாம் கொட்டகைக்கு உள்ளே. ‘93 பேர் தோற்கிற இடத்தில் எனக்கு என்ன வேலை’ என்பது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.

அறிவு போதாததால் இது நடக்கவில்லை என்பதற்கு டேனியல் கானமன் தன்னைப் பற்றியே சொன்ன கதை போதும். 1970-களில் இஸ்ரேலில், பள்ளிகளுக்காக ஒரு பாடநூல் எழுதும் குழுவில் அவர் இருந்தார். பாடநூலின் பொருளே, மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதுதான். எப்போது முடிப்போம் என்று ஆளாளுக்கு ஒரு தாளில் எழுதினார்கள். ஏறக்குறைய எல்லோரும் இரண்டு வருடத்தை ஒட்டியே எழுதினார்கள். பிறகு கானமன், குழுவில் இருந்த பாடத்திட்ட நிபுணர் சீமூர் ஃபாக்ஸிடம் கேட்டார்: நம்மைப் போன்ற மற்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆனது? அவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: 40 சதவீதம் குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழு முதல் பத்து வருடம். சற்று முன்பு அவரும் மற்றவர்களைப் போலத்தான் எழுதியிருந்தார். தகவல் அவர் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறது, தன் விஷயத்துக்கு அதை எடுக்கத் தோன்றவில்லை. கேட்ட பிறகும் குழு கலையவில்லை, வேலையைத் தொடர்ந்தது. எட்டு வருடம் ஆனது. நூலைப் பெரிதாக யாரும் பயன்படுத்தவும் இல்லை.

‘நாங்க அப்படி இல்ல.’ இந்த மூன்று சொற்கள்தான் வேலை செய்கின்றன. இலக்கிய வாசகர்களான நமக்கு இந்த நோய் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். வாசிப்பு பார்வையை விரிவாக்கும் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். ஆனால் நாவல் நமக்குப் பழக்குவது என்ன? ஒவ்வொரு வாழ்க்கையும் தனித்துவமானது, ஒவ்வொரு துயரமும் வேறு துயரம் என்று பார்க்க. அது பெரிய கொடைதான், மறுக்கவில்லை. ஒரு முடிவெடுக்கும் தருணத்தில் மட்டும் அது காலை வாருகிறது. அங்கே தேவைப்படுவது நேரெதிரான பழக்கம். நான் கதாநாயகன் இல்லை, நூற்றில் ஒருத்தன், மிச்சம் தொண்ணூற்றொன்பது பேருக்கு என்ன ஆனதோ பெரும்பாலும் எனக்கும் அதுவே ஆகும் என்று எண்ணிப் பார்க்கிற பழக்கம். விரிவாக யோசிப்பது என்று நான் சொல்வது இந்தச் சுகமில்லாத வேலையைத்தான். பாதியில் வேலையை விட்டுப் படம் எடுக்கப் போகிறவரும், இரண்டு தடவை பிரிந்தவரிடமே மூன்றாவது தடவை திரும்புகிறவரும் தன் கதையை அவ்வளவு அழகாகச் சொல்கிறார்கள். கேட்கிற நமக்கே எண்ணிக்கை மறந்துபோகிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வழி நான்கு இருக்கிறவனுக்குத்தான் இந்த யோசனையெல்லாம், வங்கி வாசலில் மதிப்பில்லாதவருக்கு ஊர்ச் சீட்டை விட்டால் என்ன இருக்கிறது? பாதி ஒப்புக்கொள்கிறேன். வழியில்லாதவர் செய்வதை ‘தவறான முடிவு’ என்பதே அநியாயம். மீதிப் பாதியை ஒப்புக்கொள்ள முடியாது. ஏனென்றால் விரிவாகக் கேட்பதற்குப் பணம் வேண்டாம், கேட்கும் ஆளை மாற்றினால் போதும். கல்யாண மண்டபத்தில் மைக் பிடிக்கிறவர் ஜெயித்தவர், அல்லது ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர். தோற்றவர் கூட்டத்துக்கு வருவதில்லை. தேடிப் போக வேண்டியது அவரைத்தான். சேரப்போகிற கம்பெனியின் எச்ஆரிடம் பேசுவதைவிட அங்கிருந்து போன வருடம் விலகிய இரண்டு பேரிடம் பேசலாம். திட்டத்தோடு வீட்டுக்கு வரும் உறவுக்காரரிடம், ‘மாமா, இதுல பணம் போட்டு முழுசா திருப்பி எடுத்துட்டு வெளிய போன மூணு பேரோட நம்பர் கொடுங்க’ என்று கேட்கலாம். சேர்ந்தவர்கள் நம்பர் அவரிடம் நிறைய இருக்கும். அதை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெளியே போனவர்களை மறுபடி கேளுங்கள். மாமா கோபித்துக்கொள்வார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாலும் எழுவார்.