தவணையும் மரமும்

வாரந்தோறும் தவணை கட்டுதல் சிறுகடனின் பொது வழக்கம். கடைத்தெருவில் இட்டிலி விற்பார்க்கு அஃது இயலும். நாள்தோறும் காசு வரும். மலைவாழ் பழங்குடியினர்க்கோ தேனும் நெல்லியும் ஆண்டில் ஒரு பருவத்தே கிட்டுவன. தவணை நாள் நெருங்கினால் அவர் என் செய்வர்? முதிராத காயைப் பறிக்க நேரும். கிளையையே முறிக்கவும் நேரும். மறு ஆண்டு மரத்தில் காய் இராது. வட்டி மட்டும் இருக்கும். இக்கேட்டிற்குக் கடன்பட்டாரை மட்டும் பழித்தல் முறையன்று. காலம் குறித்தவரும் அதற்குப் பொறுப்புடையார்.

குசராத்து மாநிலத்து வான்ஸ்தாப் பகுதியில் மணிபாய் தேசாய் நிறுவிய தொண்டு நிறுவனம் 1982இல் வேறொரு வழி கண்டது. பழங்குடிக் குடும்பம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் ஏக்கரில் மாவும் முந்திரியும் வைத்தது. எல்லையோரம் காட்டு மரங்கள் நட்டது. மண் அரிக்காதபடி வரப்பும் குழியும் அமைத்தது. இத்தோப்பிற்கு ‘வாடி’ என்பது பெயர். (தமிழில் மரவாடி என வழங்குவதும் இச்சொல்லுக்கு உறவாகலாம்.) மா காய்க்கும்வரை ஊடுபயிர் சோறிட்டது. 2003-04இல் நபார்டு வங்கி இம்முறையைப் பிற மாநிலங்களிலும் பரப்பத் தனி நிதி அமைத்தது. அப்பணம் பெரும்பாலும் மானியம். ஆதலின் மரம் வளரும்வரை காத்திருந்தது. கடனுக்கும் அப்பொறுமை வேண்டும். நெல்லி முற்றும் திங்களில் தவணை கேட்பதால் கணக்கேடு கெட்டுவிடாது.