பாதையைக் கொடுத்தால் பட்டாவும் போகும்!



வேப்பூரிலிருந்து விருத்தாசலம் போகிற பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார்ந்து பாருங்கள். நேற்றுவரை மக்காச்சோளமும் உளுந்தும் நின்ற கொல்லையில் இன்று வெள்ளையடித்த கல் நிற்கிறது. விற்கிறவர் விற்கட்டும், வாங்குகிறவர் வாங்கட்டும், நமக்கென்ன என்று இருந்தோம். இனி அப்படி இருக்க முடியாது. காரணம், பாதை.

ரோட்டோரத்து நிலம் தீர்ந்துகொண்டு வருகிறது. இப்போது உள்ளே இருக்கிற நிலத்தை வளைக்கிறார்கள். உள்ளே கிடக்கிற நிலம் ஏக்கர் கணக்கில் விலை போகும். ரோட்டைத் தொட்டுவிட்டால் அதே நிலம் சதுர அடிக் கணக்கில் விலை போகும். அந்த லாபம் முழுக்க நம்முடைய வண்டிப்பாதையிலும் வாய்க்கால் கரையிலும்தான் ஒளிந்திருக்கிறது. பொதுச்சாலையோடு சேருகிற பாதை இல்லாமல் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கிடையாது. அதனால்தான் ஆள் வருகிறார்: "ஐயா, உங்க வரப்பு ஓரமா பத்தடி விடுங்க, ஊருக்கே ரோடு வந்துடும்" என்கிறார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை இது!

பாதை போன பிறகு என்ன நடக்கும்? வாய்க்காலில் குழாயைப் போட்டு மண்ணைக் கொட்டி மூடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வடியாமல் நம் பயிரில் நிற்கும். பக்கத்துக் கொல்லைக்காரர் சுவர் எழுப்பினால் கரும்பு லாரியும் அறுவடை மெஷினும் உள்ளே வராது. வண்டி போகாத நிலத்தில் எத்தனை நாள் வெள்ளாமை வைக்க முடியும்? கடைசியில் அவர் சொன்ன விலைக்கே நாமும் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். பத்தடி கேட்டவர் கையில் பத்து ஏக்கரும் போய்ச் சேரும்.

சட்டம் என்ன சொல்கிறது? அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017 மே மாதம் புது விதிகள் வந்தன. 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 47-அ பிரிவின்படி, திட்டப்பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களில் விளைநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற அனுமதி வாங்கியாக வேண்டும். மனு முதலில் வருவது உள்ளாட்சி அமைப்பிடம்தான். ஆக, பூட்டு நம் ஊரில்தான் இருக்கிறது.

ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. நஞ்சை என்றால் ஆட்சியர் வரை போக வேண்டும். புஞ்சைக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. நம் பகுதியில் பெரும்பாலும் பதிவேட்டில் புஞ்சை. நகையை அடகு வைத்து போர் போட்டு, இரண்டு போகம் எடுத்தாலும் பதிவேட்டில் புஞ்சை புஞ்சைதான்!

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்தின் டெல்டா ஒன்றியங்கள் மட்டுமே சேர்ந்தன. நல்லூர் ஒன்றியம் இல்லை. அந்தச் சட்டமும் எண்ணெய், எரிவாயு போன்ற ஆலைகளைத்தான் தடுக்கிறது. மனை போடுவதைத் தடுக்கவில்லை. 2023 ஏப்ரல் 21-ம் தேதி சட்டமன்றத்தில் விவாதமே இல்லாமல் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டமோ, 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கு நடுவில் ஓடை, வாய்க்கால் இருந்தாலும் நிலத்தைச் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிறது. பெரியவருக்கு ஒரு சட்டம், சின்னவருக்கு வாய்தாவா?

இதற்கு நடுவே 2025 ஜனவரி 5-ம் தேதி நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அதிகாரம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. ஓட்டுக் கேட்டு வராத ஒருவர் கையெழுத்துப் போடும்போது நாம் இரண்டு மடங்கு விழித்திருக்க வேண்டாமா?

நாம் வீடு கட்டுவதற்கு எதிரி அல்ல. மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் நிலத்தை விற்கிற விவசாயியைக் குறை சொல்லவும் இல்லை. அவருடைய நிலம், அவருடைய கஷ்டம். ஆனால் வண்டிப்பாதையும் வாய்க்காலும் அவருடையதும் அல்ல, வாங்குகிறவருடையதும் அல்ல, ஊருடையது. கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டிருக்கிறது.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். சூளையில் வெந்த களிமண் திரும்ப மண்ணாகாது என்று நமக்குத் தெரியும். மனையான நிலமும் அப்படித்தான்.

நமது கோரிக்கைகள்:

1. நில உபயோக மாற்றத்துக்கு மனு வந்தவுடன் சர்வே எண்ணும் பாதை வரைபடமும் ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். கிராமசபையில் வைக்காமல் அனுமதி கூடாது.

2. வண்டிப்பாதை, ஓடை, வாய்க்கால் புறம்போக்கை சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகே மனுவைப் பரிசீலிக்க வேண்டும்.

3. கிணறு, போர் பாசனமுள்ள புஞ்சையை நஞ்சைக்குச் சமமாகக் கருத வேண்டும்.

4. மனைப்பிரிவுச் சாலைகளும், இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்டவற்றில் சாலை போக மீதியில் 10 சதவீதப் பொது இடமும் ஊராட்சிக்குத் தானப் பத்திரமாக வர வேண்டும். அப்படி வந்த இடங்களின் பட்டியலை வெளியிட வேண்டும். பொதுச்சாலையில் கேட் போட்டிருந்தால் அகற்ற வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது: உங்கள் நிலத்தின் புலப்படத்தையும் அ-பதிவேட்டு நகலையும் இன்றே எடுத்து வையுங்கள். பாதை எங்கே, வாய்க்கால் எங்கே என்று பிள்ளைகளை விட்டுப் படித்துப் பாருங்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "பாதைக்கு மட்டும்தான்" என்று சொன்னாலும் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. பத்துப் பேர் போனால் நோட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். இருநூறு பேர் போனால் தீர்மானம் எழுதித்தான் ஆக வேண்டும்.

வரும் கிராமசபைக்குக் குடும்பத்தோடு வாரீர்! தீர்மானத்தை எழுத வைப்போம்! பாதையைக் காப்போம், பூமியைக் காப்போம்!

— செயலாளர், விவசாயிகள் சங்கம், நல்லூர் ஒன்றியம்