கையகலக் கம்ப்யூட்டர்... காசு கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள்!

2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்ட நாள் அது. அன்றோடு பழைய கம்ப்யூட்டர்கள் ஓடாமல் போய்விடவில்லை. ஆனால், பாதுகாப்பு அப்டேட் வராத கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் செய்வதும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதும் பூட்டில்லாத பீரோவில் நகை வைப்பது மாதிரிதான். 'புதுசு வாங்கியே ஆகணுமா?' என்று யோசிக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி அடிபடும் பெயர், மினி பிசி.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. மானிட்டருக்குப் பின்னால் மாட்டிவிட்டால் இருக்கும் இடமே தெரியாது. பழைய மானிட்டர், கீபோர்டு, மவுஸ் கையில் இருந்தால் பெட்டி மட்டும் வாங்கினால் போதும். 'இப்போதைக்கு வாங்கிடலாம், அப்புறம் ராம் ஏத்திக்கலாம்' என்றுதான் பலரும் கணக்கு போடுகிறார்கள். அந்த 'அப்புறம்' எல்லா மினி பிசியிலும் நடக்காது என்பதுதான் விஷயமே. எதைப் பிறகு மாற்றலாம், எதை மாற்றவே முடியாது என்பது வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

மூன்று வகை மினிக்கள்

முதல் வகை, இன்டெல்லின் 'என்100' போன்ற சிறிய ப்ராசஸர் பொருத்தப்பட்டு புதிதாக வரும் பெட்டிகள். 2023-ல் அறிமுகமான என்100, வெறும் 6 வாட் ரகம். ப்ரௌசிங், யூடியூப், வேர்டு, எக்செல், ஆன்லைன் வகுப்புக்குத் தாராளமாகப் போதும். ஆனால், இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு ராம் ஸ்லாட்தான் இருக்கும். 8 ஜிபி-யை 16 ஆக்க வேண்டுமென்றால், பழையதைக் கழற்றிவிட்டு 16 ஜிபி ஒன்றைப் புதிதாக வாங்க வேண்டும். சில மாடல்களில் ராம் போர்டோடு சேர்த்தே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதை ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது வகை, கம்பெனிகள் பயன்படுத்திவிட்டுக் கழித்த 'ரெஃபர்பிஷ்டு' மினிக்கள். லெனோவாவின் திங்க்சென்டர் டைனி, டெல்லின் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி-யின் எலைட்டெஸ்க் மினி ஆகிய மூன்றும்தான் இதில் பிரபலம். மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் என்பதால், 'ஒரு லிட்டர் பிசி' என்று செல்லப்பெயரும் உண்டு. உதாரணத்துக்கு, திங்க்சென்டர் எம்720க்யூ மாடலின் தடிமன் 34.5 மில்லிமீட்டர்தான். அதற்குள் லேப்டாப் ராம் போட இரண்டு ஸ்லாட், எம்.2 எஸ்.எஸ்.டி-க்கு ஒரு ஸ்லாட், 2.5 இன்ச் டிரைவுக்கு ஓர் இடம் என எல்லாம் இருக்கும். அலுவலகங்களில் டெக்னீஷியன்கள் கழற்றி மாட்ட வசதியாக வடிவமைத்தது, இப்போது வீட்டுக்காரர்களுக்கு லாபம்.

மூன்றாவது, ஆப்பிளின் மேக் மினி. 2024-ல் வந்த எம்4 மாடல் 5 இன்ச்சுக்கு 5 இன்ச் அளவுதான். வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால், இதில் ராம் என்பது ப்ராசஸரோடு ஒட்டிப் பிறந்தது. 16 ஜிபி வாங்கினால் கடைசிவரை 16 ஜிபி-தான். 'அப்புறம் ஏத்திக்கலாம்' என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

'ஐ5 சார்' என்றால் போதுமா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டாக இருக்கட்டும், ஆன்லைன் கடையாக இருக்கட்டும், ரெஃபர்பிஷ்டு மினி கேட்டால் முதலில் வரும் பதில், 'ஐ5 இருக்கு' என்பதுதான். இதில்தான் பலரின் பணம் வீணாகிறது.

ஐ5-க்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். 'ஐ5-6500டி' என்றால் 6-ம் தலைமுறை. 'ஐ5-8400டி' என்றால் 8-ம் தலைமுறை. 'ஐ5-10500டி' என்றால் 10-ம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக 8-ம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். ஏ.எம்.டி என்றால் பொதுவாக ரைசன் 2000 வரிசையில் இருந்து ஏற்கப்படும்; ஆனால், அந்த வரிசையின் எல்லா மாடல்களும் அல்ல. கூடவே டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வசதியும் அவசியம்.

'6-ம் தலைமுறையிலும் விண்டோஸ் 11 போட்டுத் தர்றோம்' என்பார்கள். குறுக்கு வழியில் போட முடியும்தான். ஆனால், தகுதியில்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அப்டேட் இல்லை என்பதற்காகப் பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டு, அப்டேட் நிச்சயமில்லாத இன்னொன்றை வாங்கி என்ன பயன்?

கடையில் கேட்க வேண்டிய மற்ற கேள்விகள் இவை:

* ராம் ஸ்லாட் எத்தனை? இப்போது இருக்கும் 8 ஜிபி, ஒரே 8-ஆ, இரண்டு 4-ஆ? ஒரே 8 என்றால் ஒரு ஸ்லாட் காலி. பிறகு இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம். இரண்டு 4 என்றால், கூட்டும்போது இருப்பதைக் கழற்ற வேண்டியிருக்கும்.
* எம்.2 ஸ்லாட்டின் நீளம் என்ன? '2280' என்றால் 22 மி.மீ அகலம், 80 மி.மீ நீளம். சில சின்னப் பெட்டிகளில் '2242' மட்டுமே நுழையும்.
* அந்த ஸ்லாட் ஏற்பது சாட்டா வகையா, என்.வி.எம்.இ வகையா? பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மாற்றி வாங்கினால் வேலை செய்யாது.
* வைஃபை கார்டு உள்ளே இருக்கிறதா? அலுவலகத்தில் லேன் ஒயரில் ஓடிய பல மினிக்களில் வைஃபையே இருக்காது.
* பயாஸ் பாஸ்வேர்டு நீக்கப்பட்டிருக்கிறதா? பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் பிறகு திண்டாட்டம்தான்.
* அடாப்டர் அந்த மாடலுக்கு உரியதா? வாட் குறைந்த அடாப்டர் கொடுத்தால் வேகம் குறையலாம், கம்ப்யூட்டர் ஆன் ஆகாமலும் போகலாம்.

பதில் தெளிவாக வரவில்லையா? மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பல மாடல்களில் பின்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூதான். வாங்குபவர் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

முதல் நாள் வேலைகள்

வீட்டுக்கு வந்ததும் முதலில் இடிப்பது மானிட்டர் கேபிளில்தான். பழைய மானிட்டரில் நீல நிற விஜிஏ மட்டும் இருக்கும். மினியில் டிஸ்ப்ளே போர்ட்டோ ஹெச்.டி.எம்.ஐ-யோ இருக்கும். இரண்டையும் இணைக்கும் கன்வெர்டரை முன்பே வாங்கிவிடுங்கள். மினியில் கேமரா கிடையாது, பல மாடல்களில் ஸ்பீக்கரும் மைக்கும் கிடையாது. ஆன்லைன் வகுப்புக்கு என்றால் வெப்கேம், ஹெட்செட் செலவையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.

மானிட்டரின் முதுகில் 75 அல்லது 100 மி.மீ இடைவெளியில் நான்கு ஸ்க்ரூ துளைகள் இருந்தால், பிராக்கெட் வைத்து மினியை அங்கேயே மாட்டிவிடலாம். காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில், மூடிய அலமாரிக்குள் வைத்த மினி சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அடுத்ததுதான் முக்கியமானது. 2024-ல் வந்த '24ஹெச்2' பதிப்பில் இருந்து, விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டிரைவ் தானாகவே பூட்டப்பட்டுவிடும். திருடு போனால்கூட உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது. நல்லதுதான். ஆனால், பயாஸ் அப்டேட் செய்யும்போதோ, போர்டு பழுதாகி எஸ்.எஸ்.டி-யை வேறு கம்ப்யூட்டரில் மாட்டும்போதோ, '48 இலக்க ரெக்கவரி கீ கொடு' என்று கேட்கும். அது இல்லையென்றால் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவும் கிடைக்காது, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் கிடைக்காது. மைக்ரோசாஃப்ட்டே நினைத்தாலும் திறந்து தர முடியாது.

இந்த கீ, எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் விண்டோஸ் அமைக்கப்பட்டதோ அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். கடைக்காரர் தன் கணக்கில் எல்லாம் 'ரெடி' செய்து கொடுத்தால்? உங்கள் வீட்டு பீரோ சாவி அவரிடம் இருக்கிறது என்று அர்த்தம். எனவே, செகண்ட் ஹேண்ட் மினி வந்ததும் விண்டோஸை முழுமையாக ரீசெட் செய்து, சொந்தக் கணக்கில் அமைத்துவிடுவதே பாதுகாப்பு. பிறகு அந்தக் கணக்கில் நுழைந்து கீயை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பகுதிக்குப் போய், விண்டோஸ் முறையான லைசென்ஸ்தானா என்பதையும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

எதை முதலில் ஏற்றுவது?

'ஸ்லோவா இருக்கு' என்றதும் ராம் வாங்க ஓடக் கூடாது. வழக்கமாகச் செய்யும் வேலைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு 'டாஸ்க் மேனேஜர்' பாருங்கள். மெமரி எப்போதும் 85, 90 சதவிகிதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் ராம் போதவில்லை. மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100-ல் நிற்கிறது என்றால் குறை டிரைவில்.

பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்.பி வேகத்தில் படிக்கும். சாட்டா எஸ்.எஸ்.டி சுமார் 550 எம்.பி. என்.வி.எம்.இ 3,000 எம்.பி-யைத் தாண்டும். எனவே, ஹார்டு டிஸ்கோடு வந்த மினியில் முதல் ரூபாயை எஸ்.எஸ்.டி-க்குச் செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம்.

ராம் விஷயத்தில் இப்போது கூடுதல் கவனம் தேவை. ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போனதால், 2025 இறுதியில் ராம் விலை உலகம் முழுக்க எகிறியது. வீட்டுப் பயனாளர்களுக்கான 'க்ரூஷியல்' பிராண்ட் விற்பனையில் இருந்தே விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. தவறான ராமை வாங்கி அலைவதற்கான நேரமில்லை இது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒவ்வொன்றுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்று இன்னொன்றில் நுழையாது. 8-ம் தலைமுறை ஒரு லிட்டர் மினிக்கு லேப்டாப் அளவு டிடிஆர்4 வேண்டும். டிஸ்ப்ளே உடைந்து பரணில் கிடக்கும் லேப்டாப்பில் அதே டிடிஆர்4 இருந்தால், செலவே இல்லாமல் வேலை முடிந்தது.

மாட்டும் முறை

முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிரைவில் நகல் எடுங்கள். ரெக்கவரி கீ கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் முடியாமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டாம்.

ஷட்டவுன் செய்து, அடாப்டரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். ஏதாவது ஓர் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ராமைச் சாய்வாக நுழைத்து, கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் 'க்ளிக்' என்று பிடிக்கும். நுழையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். வெட்டு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

புதிய எஸ்.எஸ்.டி-க்கு மாற இரண்டு வழிகள். ஒன்று, பழைய டிரைவை அப்படியே 'க்ளோன்' எடுப்பது. 'க்ளோன்ஜில்லா' போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இன்னொன்று, 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸை இறக்கிப் புதிதாக நிறுவுவது. விண்டோஸின் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டை அடையாளம் வைத்துக்கொள்வதால், எஸ்.எஸ்.டி-யை மாற்றிவிட்டு அதே பதிப்பை நிறுவினால் வழக்கமாகத் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

ராம் மாற்றிய பிறகு முதல் முறை ஆன் செய்தால் திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கலாம். குறிப்பாக டிடிஆர்5-ல் புதிய ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட ஆகும். பதறி ஆஃப் செய்ய வேண்டாம். செகண்ட் ஹேண்ட் மினியில் தேதி, நேரம் அடிக்கடி பின்னால் போய், இணையதளங்கள் எல்லாம் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகின்றனவா? வைரஸ் இல்லை. உள்ளே இருக்கும் 'சி.ஆர்.2032' பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். மாற்றினால் சரியாகிவிடும்.

யாருக்கு வேண்டாம்?

பெரிய கேம்கள், தீவிரமான வீடியோ எடிட்டிங் எல்லாம் ஆசைப்பட்டால் இந்தச் சின்ன மினிக்கள் ஏமாற்றும். தனி கிராஃபிக்ஸ் கார்டை இவற்றில் பிறகு சேர்ப்பது பெரும்பாலும் முடியாத காரியம். ஹாஸ்டலுக்கும் காலேஜுக்கும் தூக்கிச் செல்ல வேண்டிய பிள்ளைக்கு லேப்டாப்தான் சரி. மினியில் பேட்டரியும் கிடையாது. கரன்ட் போனால் அணைந்துவிடும்.

வீட்டோடு இருக்கும் கம்ப்யூட்டர் என்றால் மின்சாரத்திலும் மிச்சம் உண்டு. சராசரியாக 80 வாட் இழுக்கும் பழைய டவரை தினமும் ஆறு மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 29 யூனிட். 15 வாட் இழுக்கும் மினிக்கு அதே கணக்கில் ஐந்தரை யூனிட்கூட வராது. குறைவாக இழுப்பதால் சாதாரண யூ.பி.எஸ்-ஸிலேயே கூடுதல் நேரம் தாங்கும்.

இன்றைக்கு 8 ஜிபி போதும் என்று வாங்கும் வீடுகளுக்கும் மூன்று வருடம் கழித்து 16 தேவைப்படலாம். அப்போது ஒரு ராம் வாங்கிச் செருகுவதா, முழுப் பெட்டியையும் மாற்றுவதா என்பது, இன்றைக்குக் கடையில் நின்று கேட்கும் அந்த ஆறு கேள்விகளில் இருக்கிறது.