ரோடு யாரு அப்பன் வீட்டு சொத்து?

மேற்கே ஒயிட்ஹேவனில் பின் சக்கரத்தைக் கடலில் நனைத்துக் கிளம்பி, கிழக்கே சண்டர்லாந்தில் முன் சக்கரத்தை நனைத்து முடிக்கணும். வட இங்கிலாந்தின் சி2சி சைக்கிள் பாதையோட சம்பிரதாயம் இது. சுமார் 140 மைல். துணைக்கு யாரும் வரலை, தனியாத்தான் போனேன்.

கடைசி நாள் காலை ஆல்ஸ்டனில் கிளம்பும்போதே கால் ரெண்டும் 'ஆளை விடுப்பா' என்றன. நென்ட்ஹெட் தாண்டி பிளாக் ஹில், 609 மீட்டர் உயரம். அதையும் ஏறியாச்சு, இனி இறக்கம்தான்னு நினைச்சா, ஸ்டேன்ஹோப்பில் கிராலிசைட் ஏற்றம் சுவர் மாதிரி நிக்குது. இருக்கிறதிலேயே சின்ன கியர். நடந்து போறவரே முந்திடுவார், அந்த ஸ்பீடு.

அப்பத்தான் பின்னாடி வந்த ஒரு கார் ஹாரனை அமுக்கிக்கிட்டே, ஹேண்டில்பாரை உரசாத குறையாகப் போனது. கண்ணாடியை இறக்கி அந்த ஆள் கத்தினார்: "முதல்ல ரோட் டாக்ஸ் கட்டு, அப்புறம் ஓட்டு!" நான் தடுமாறி ஓரப் புல்லில் விழுந்தேன். முட்டியில் சிராய்ப்பு. அவருக்கு மிச்சமானது அஞ்சு செகண்ட்.

அங்கேயே உட்கார்ந்து, நசுங்கின வாழைப்பழத்தைத் தின்னுக்கிட்டே மனசுக்குள் அவருக்குச் சொன்ன பதில்தான் இது. (மூச்சு வாங்கினதில் அப்போ வாய் வரலை :-))

ஐயா, நீங்க சொல்ற ரோட் டாக்ஸே இப்போ கிடையாது. வண்டி வரியை ரோட்டுக்குன்னே தனியா ஒதுக்கி வைக்கிற ஏற்பாட்டை 1937லேயே முடிச்சாச்சு. இப்போ நீங்க கட்டுறது வாகன வரி. பெரும்பாலான மின்சாரக் கார்கள் 2025 ஏப்ரல் வரைக்கும் அதில் ஒரு பைசா கட்டலை. அவங்களை யாராவது ரோட்டை விட்டு இறங்குன்னு கத்தினீங்களா? கிராலிசைட் மாதிரி உள்ளூர் ரோட்டைப் பராமரிக்கிறது கவுன்சில். பணம் கவுன்சில் வரியிலும் பொது வரியிலும் இருந்து வருது. ரெண்டையும் மாசாமாசம் நானும்தான் கட்டுறேன்.

இன்னொண்ணு. இங்கிலாந்தில் நல்ல ரோடு வேணும்னு 1886லேயே சங்கம் வச்சுப் போராடினவங்க சைக்கிள்காரங்க. அப்போ இந்த நாட்டு ரோட்டில் காரே ஓடலை!

மூணாவது, இடைவெளி. 30 மைல் வேகம் வரைக்கும் குறைஞ்சது 1.5 மீட்டர் தள்ளி முந்தணும், வேகம் கூடினா இன்னும் தள்ளிப் போகணும்னு 2022ல திருத்தின சாலை விதிக் கையேடு சொல்லுது. காரணம் எளிது. சைக்கிள் வேகம் குறையக் குறைய ஆடும். ஏற்றத்தில் களைச்சுப் போனவன் நேர்கோட்டில் போக முடியாது. அந்த 1.5 மீட்டர் எனக்குச் செய்யற மரியாதை இல்லை, என் உசுரு.

'கார் வாங்க வக்கில்லையா, எதுக்கு இந்த வேண்டாத வேலை?'ன்னு கேக்கப் போற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓ.எம்.ஆரில் கம்பெனி கேபில் உட்கார்ந்துக்கிட்டு, முன்னாடி போன தண்ணி கேன் சைக்கிள்காரரைப் பார்த்து "ஹாரன் அடிங்கண்ணே"ன்னு டிரைவரிடம் சொன்னவன்தான் நான். கார்காரர் கத்தினப்போ எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பெரியவரோட முதுகு. நான் ஊர் சுத்தப் போனேன், அவர் பொழைப்புக்குப் போனார். எனக்கு விழப் புல்லாவது இருந்தது.

மேலே ஏறினதும் பழைய ரயில் தடத்தில் போட்ட சைக்கிள் பாதை. கான்செட் வழியா சண்டர்லாந்து வரைக்கும் அனேகமா இறக்கம். ஹாரன் சத்தம் இல்லை, குருவிச் சத்தம்தான். சாயங்காலம் முன் சக்கரத்தை நனைச்சேன், முட்டியையும் சேர்த்து. உப்புத் தண்ணி, செம எரிச்சல்!

டிஸ்கி: அடுத்த தடவை சைக்கிளை முந்தும்போது அஞ்சு செகண்ட் பொறுங்க மக்களே. ஒண்ணும் குடி முழுகிடாது.