கோவில்பட்டி நகரில் ஓய்வு, விளையாட்டு, பொழுதுபோக்கு வசதிகளைப் பெருக்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தூத்துக்குடி மாவட்டம்.
நகல்: நகராட்சி ஆணையர், மாவட்ட விளையாட்டு அலுவலர், மாவட்ட நூலக அலுவலர்.
அனுப்புநர்: கோவில்பட்டி நகரக் குடியிருப்போர் நலச் சங்கத்தினர்.

பொருள்: உழைக்கும் மக்கள் தங்களுக்கு ஓய்வுள்ள நேரத்தில் பயன்படுத்தத்தக்க பூங்கா, திடல், நூலக, அரங்க வசதிகளை ஏற்படுத்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

அரசமைப்புச் சட்டத்தின் 74ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை, நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளைப் பட்டியலிடும்போது, பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் போன்ற வசதிகளை 12ஆம் இனமாகவும், பண்பாடு, கல்வி, அழகியல் கூறுகளை வளர்த்தலை 13ஆம் இனமாகவும் குறிப்பிடுகிறது. குடிநீரோடும் சாலையோடும் ஒரே பட்டியலில் வைக்கப்பட்ட இப்பணிகள், நிதி ஒதுக்கும் வேளையில் மட்டும் கடைசி வரிசைக்குத் தள்ளப்படுவது சிறு நகரங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. வசதி படைத்தோர் குற்றாலத்துக்கோ கொடைக்கானலுக்கோ சென்று வர இயலும். நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு அதன் தெருவிலிருந்து நடந்து சென்று சேரும் தூரத்தில் உள்ள இடமே பொழுதுபோக்கு இடம். ஆகவே இக்கோரிக்கைகளை ஆடம்பரத் தேவைகளாகக் கருதாமல், நகராட்சியின் அடிப்படைக் கடமைகளின் வரிசையில் வைத்துப் பார்க்குமாறு இச்சங்கம் வேண்டுகிறது.

கோவில்பட்டி தீப்பெட்டிக்கும் நூற்பாலைக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் பெற்ற ஊர். இவற்றுள் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடும் பெற்றது. தீப்பெட்டித் தொழிலில் பெரும்பான்மையோர் பெண்கள். குச்சியைப் பெட்டியில் அடைப்பதும் பண்டல் கட்டுவதுமாகக் குனிந்த தலையும் ஓயாத விரல்களுமாகப் பகல் முழுவதும் உட்கார்ந்து செய்யும் இவ்வேலையில், செய்து முடித்த எண்ணிக்கைக்கே கூலி கிடைப்பதால், வேலை நேரத்தினிடையே இளைப்பாறுவது வருமானத்தைக் குறைத்துக்கொள்வதாகிறது. வீடு திரும்பிய பின்னும் பெண்ணுக்கு வேலை முடிவதில்லை. மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எவ்வெவற்றில் செலவிடுகின்றனர் என்பதைக் கணக்கெடுக்கும் ‘நேரப் பயன்பாட்டு ஆய்வு’ மத்திய அரசின் புள்ளியியல் துறையால் 2024இல் நடத்தப்பட்டபோது, கூலியற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரியவந்தது. அகில இந்தியச் சராசரியான இக்கணக்கு, தொழிற்கூடத்திலும் வீட்டிலும் இரட்டை உழைப்பைத் தாங்கும் இந்நகரப் பெண்களின் நிலையை உணரப் போதுமானது. இவர்களுக்கு எஞ்சுவது பொழுது சாய்ந்த பின் கிடைக்கும் சிறிது நேரமும் ஞாயிற்றுக்கிழமை மாலையுமே.

எனவே இம்மனுவின் முதற் கோரிக்கை புதிய கட்டடம் எதையும் பற்றியதன்று, நேரத்தைப் பற்றியது. நகரின் பூங்காக்கள் அனைத்தும் வாரம் முழுவதும் இரவு 9 மணி வரை திறந்திருக்கவும், அந்நேரம் முழுவதும் விளக்குகள் எரியவும், பெண்களுக்கான கழிப்பறை பூட்டப்படாமல் தண்ணீர் வசதியோடு இருக்கவும், பெண் காவலர் ஒருவர் பணியில் இருக்கவும் ஆணையிட வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் மாலையில் பெண்கள் பூங்காவுக்கு வருவது நின்றுவிடும் என்பதைச் சங்கம் அழுத்தமாகத் தெரிவிக்கிறது.

அடுத்தது இடம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்னும் விதித்தொகுப்பின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 விழுக்காடு திறந்தவெளியாக ஒதுக்கப்பட்டு, தானப் பத்திரத்தின் வழி உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலானவற்றில் நிலத்துக்கு ஈடாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் செலுத்தவும் இடமுண்டு. மனை வாங்குவோர் ‘பூங்கா இடம்’ என்று வழங்கும் இந்நிலம் வரைபடத்தில் பச்சை நிறத்தில் இருந்தால் மட்டும் போதாது. நகர எல்லைக்குள் இதுவரை ஒப்படைக்கப்பட்ட திறந்தவெளிகள் ஒவ்வொன்றின் சர்வே எண், பரப்பு, தற்போதைய நிலை ஆகியவற்றை வார்டு வாரியாக நகராட்சி அறிவிப்புப் பலகையில் வெளியிடவும், அளந்து கல் நட்டுக் கம்பி வேலி அமைக்கவும், ஆக்கிரமிப்பு இருப்பின் அகற்றவும், நிலத்துக்கு ஈடாகப் பெற்ற தொகையைத் திறந்தவெளி வசதிகளுக்கே செலவிடவும் சங்கம் கோருகிறது.

இவ்விடங்களைச் சீரமைக்கும்போது இவ்வட்டாரத்தின் மண்ணை மறந்து மதிப்பீடு தயாரிக்கலாகாது. கரிசல் மண் மழையில் நீரை உறிஞ்சி உப்பிக் காலோடு ஒட்டிக்கொள்ளும். கோடையில் இறுகிச் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மழைக்காலத்தில் அதில் குழந்தை ஓட முடியாது. கோடையில் வெடிப்பில் கால் சிக்கிச் சுளுக்கும் அபாயம் உண்டு. சிமென்ட் பாதை போட்டாலும், அடிமண் உப்பியும் சுருங்கியும் அசைவதால், அடித்தளம் சரியாக இல்லாத பாதை விரைவில் விரிசல் காணும். ஆகவே திடல்களில் மேல்மண்ணை நீக்கிச் சரள் மண் பரப்பி உருளையிட்டு, ஓரங்களில் வடிகால் அமைப்பதே முறை. தண்ணீர் அரிதான இவ்வூரில் புல்தரை வளர்க்கச் செலவிடுவதைவிட, வறட்சியைத் தாங்கி நிழல் தரும் வேம்பையும் புங்கனையும் நட்டு முதல் சில ஆண்டுகள் தண்ணீர் ஊற்றிக் காப்பதே பயன் தரும். நீரூற்றும் வண்ண விளக்கும் திறப்பு விழா நாளில் கண்ணுக்கு அழகாக இருக்கும். பங்குனி வெயிலுக்கு மக்கள் தேடுவது நிழலைத்தான்.

விளையாட்டைப் பொறுத்தவரை, கோவில்பட்டி வேறு எந்தச் சிறு நகரத்துக்கும் இளைத்ததன்று. தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடிவரும் இவ்வூரில் செயற்கை இழைத் தரை, அதாவது ஆட்டத்துக்கு முன் நீர் தெளித்து நனைக்கப்பட்டுப் பந்து ஒரே சீராக விரைந்தோட உதவும் தரை, அமைக்கப்பட்டுள்ளது. ஜகார்த்தாவில் நடைபெற்ற 2022 ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இவ்வூரைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், இங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் இடம்பெற்றமை நகருக்கே பெருமை. அத்தரமான பயிற்சிக்கு எவ்விதக் குறைவும் நேரலாகாது. ஆயினும், அணியில் இடம்பெறும் எண்ணமின்றி ஆட்டத்தின் மகிழ்ச்சிக்காக மட்டும் மட்டை பிடிக்க விரும்பும் சிறுவர் சிறுமியரே எண்ணிக்கையில் மிகுதி. தேர்வு செய்யப்படாத குழந்தைக்கும் விளையாடும் உரிமை உண்டு. 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாகவே கூறுகிறது. எனவே பயிற்சி நேரம் போக வாரத்தில் சில மணி நேரம் அத்தரையைப் பொதுக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றித் திறந்துவிடவும், அரசுப் பள்ளித் திடல்களை விடுமுறை நாட்களில் பொறுப்பாளர் ஒருவரின் மேற்பார்வையில் திறக்கவும், சிறுமியருக்கெனத் தனி நேரம் ஒதுக்கவும் வேண்டப்படுகிறது.

எழுத்திலும் இவ்வட்டாரம் பெற்றுள்ள பெயர் சிறிதன்று. இடைசெவலில் பிறந்த கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும், பின்வந்த பூமணியும் சோ.தர்மனும் ஆக நால்வர் சாகித்திய அகாதெமி விருது பெற்றுள்ளனர். கி.ரா.வுக்கு நகரில் அரசு மணிமண்டபமும் எழுப்பியுள்ளது. அவ்வளாகத்தில் ஞாயிறுதோறும் கதைசொல்லல், வாசிப்பு, வில்லுப்பாட்டு, ஒயிலாட்டம், திரையிடல் ஆகியவற்றுக்கு இடமளித்து, உள்ளூர்க் கலைஞர்களுக்கு உரிய ஊதியம் வழங்கினால், கூலி வேலை செய்யும் குடும்பம் டிக்கெட் செலவின்றி ஒரு மாலையைக் கழிக்க வழி பிறக்கும். நூலகமும் ஞாயிறு மாலையில் திறந்திருக்க வேண்டும். சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தும் மக்கள் இதைச் சலுகையாக அல்லாமல் உரிமையாகவே கேட்கின்றனர்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 29, 30 ஆகிய பிரிவுகள் பண்பாடு, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றில் அவர்களுக்குச் சம வாய்ப்பளிக்குமாறு அரசைப் பணிக்கின்றன. எனவே ஒவ்வொரு பூங்காவின் வாயிலிலும் சாய்தளமும், முதியோருக்குச் சாய்மானமுள்ள இருக்கைகளும் அமைக்கப்பட வேண்டும்.

மேற்கண்டவற்றுள் திடல் சீரமைப்புப் பணிகளை ‘நமக்கு நாமே’ திட்டத்தில், அதாவது மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் ஏற்று மீதியை அரசு வழங்கும் திட்டத்தில், எடுத்துக்கொள்வதானால் மக்கள் பங்குத் தொகையைத் திரட்டும் பொறுப்பைச் சங்கம் ஏற்கிறது. விளக்கு, கழிப்பறை, காவலர், திறப்பு நேரம் ஆகியவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை; நிருவாக ஆணை ஒன்றே போதும். ஆதலால் அவற்றை உடனடியாக நிறைவேற்றியும், திறந்தவெளி நிலங்களை அளக்கும் பணிக்குக் கால வரையறை விதித்தும், இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவித்தும் உதவுமாறு மாவட்ட நிருவாகத்தைச் சங்கத்தினர் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றனர்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்