தீயணைப்பு நிலையம் யார் பொறுப்பு?

நகர்மன்றக் கூட்டங்களில் குடிநீர், குப்பை, தெருவிளக்கு ஆகியவை குறித்து மணிக்கணக்கில் விவாதம் நடைபெறுகிறது. ஊருக்கு இன்னொரு தீயணைப்பு நிலையம் தேவையா, அதை எங்கே அமைப்பது, செலவை யார் ஏற்பது என்ற விவாதம் அரிதாகவே எழுகிறது. இதற்கு உறுப்பினர்களின் அக்கறையின்மை மட்டும் காரணமன்று. அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

அரசமைப்புச் சட்டம் காட்டிய வழி வேறு. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியலிட்டது. அவற்றுள் ஏழாவது, தீயணைப்புப் பணி. ஆனால், ஒப்படைப்பதா வேண்டாமா என்பது மாநிலச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. மும்பை, ஆமதாபாத் நகரங்களில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கீழ் இயங்குகிறது. தமிழகத்தில் அது மாநில அரசின் துறை.

இந்த ஏற்பாட்டுக்கு வலுவான நியாயம் உண்டு. மாநிலம் முழுவதும் ஒரே தரமான பயிற்சி, பெரு விபத்தின்போது பக்கத்து மாவட்டத்திலிருந்து வண்டிகளை வரவழைக்கும் வசதி ஆகியவை அதன் பயன்கள். நகராட்சிகளின் நிதிநிலையோ பரிதாபமானது. இந்திய மாநகராட்சிகளின் மொத்த வருவாய் பத்தாண்டுகளுக்கும் மேலாக நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஒரு சதவீதத்திலேயே தேங்கி நிற்பதாக ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. ஊழியர்களுக்கு ஊதியம் வழங்கவே திணறும் நகராட்சியால் தீயணைப்புப் படையைத் தனித்து நடத்த முடியாது.

எனினும், தீயை அணைப்பது மட்டுமே தீப் பாதுகாப்பு ஆகிவிடாது. அழைப்பு வந்தபின் வண்டி எத்தனை நிமிடங்களில் சென்று சேரும் என்பது சாலையின் அகலத்தையும் ஆக்கிரமிப்பையும் பொருத்தது. தொட்டி காலியானால் அருகில் எங்கே நிரப்புவது என்பது குடிநீர் வடிகாலமைப்பைச் சார்ந்தது. ஐந்து மாடிக் கட்டடத்துக்கு எந்தச் சந்தில் அனுமதி கொடுத்தோம் என்பது நகரமைப்புப் பிரிவின் பொறுப்பு. இவை பெரும்பாலும் உள்ளாட்சியின் கையில் இருக்க, வண்டியும் வீரர்களும் மட்டும் மாநிலத் துறையிடம் இருக்கின்றனர். இரு தரப்பும் முறையாக ஒரே மேசையில் அமரும் ஏற்பாடுதான் இல்லை.

அதன் விலை என்ன என்பதைக் கும்பகோணம் கற்றுக்கொடுத்தது. 2004 ஜூலை 16 அன்று அங்கு 94 குழந்தைகள் கருகி மாண்டனர். கூரை வேய்ந்த வகுப்பறைகளும் நெரிசலான கட்டடமும் அதற்கு முன்பே பலர் கண்ணில் பட்டவைதான். அதிகாரத்தை உள்ளாட்சிக்கு மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. தீயணைப்புப் பிரிவை மாநகராட்சியே நடத்தும் ராஜ்கோட்டில், 2024 மே மாதம் விளையாட்டரங்கத் தீ விபத்தில் 27 பேர் உயிரிழந்தனர். அந்த அரங்கம் தீப் பாதுகாப்புச் சான்று பெறாமலேயே இயங்கி வந்தது.

ஆகவே, துறை யார் வசம் என்பதைவிட, முடிவுகள் மக்கள் முன்னிலையில் எடுக்கப்படுகின்றனவா என்பதே முக்கியம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர்களில், காவல், தீயணைப்புப் பிரிவுகளுக்குப் புதிய கட்டடம் எழுப்ப வேண்டுமென்றால், ஊரின் நிதிக் குழு கணக்கை ஆராய்ந்து பரிந்துரை செய்கிறது. கடன் பெற ஊர்க்கூட்டத்தில் மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவை. 1980-இல் நிறைவேறிய சொத்து வரி உச்சவரம்பை மீறி அக்கடனுக்காக வரி விதிப்பதாயின், தனி வாக்கெடுப்பும் நடத்தியாக வேண்டும். இதில் தாமதம் உண்டு. வாக்கெடுப்பில் தோற்ற திட்டம் கிடப்பில் கிடக்க, கட்டுமானச் செலவு ஏறுவதும் உண்டு. ஆனாலும், எதற்காக வரி கட்டுகிறோம் என்பது அங்கே கட்டுபவருக்குத் தெரிகிறது.

இங்கே பணம் வரும் வழியில் ஊர் இடம்பெறுவதில்லை. பதினைந்தாவது நிதிக் குழுவின் பரிந்துரைப்படி, தீயணைப்புச் சேவையை விரிவாக்கி நவீனப்படுத்த ரூ.5,000 கோடியில் மத்திய அரசு 2023-இல் திட்டம் தொடங்கியது. தமிழகம் போன்ற மாநிலங்கள் திட்டச் செலவில் 25 சதவீதத்தை ஏற்க வேண்டும். எந்த ஊருக்கு எது தேவை என்பதில் அந்த ஊர் நகர்மன்றத்தின் குரல் ஒலிக்க வேண்டாமா?

இதற்குப் பெரிய சட்டத் திருத்தம் தேவையில்லை. நிலைய அலுவலரை அழைப்பாளராகக் கொண்ட பாதுகாப்புக் குழுவை ஒவ்வொரு நகர்மன்றமும் அமைக்கலாம். அழைப்புக்கு வண்டி சென்று சேர்ந்த நேரத்தை வார்டு வாரியாக ஆண்டுதோறும் வெளியிடலாம். 2022-இல் தொடங்கப்பட்ட பகுதி சபைகளில் அதை மக்கள் முன் வைக்கலாம். புதிய நிலையத்துக்கு நிலமும் அணுகுசாலையும் நகராட்சியின் பங்கு, கட்டடமும் வீரர்களும் மாநிலத்தின் பங்கு எனப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டிலேயே நிலையம் வேண்டும் என்று மல்லுக்கட்டுவார்கள் என்ற அச்சம் எழலாம். வார்டு வாரியான நேரக் கணக்கு பொதுவெளியில் இருந்தால், அந்தச் சண்டையைத் தீர்க்க அதுவே போதும். விபத்துக்குப் பின் விசாரணை ஆணையம் கேட்கும் கேள்விகளை, விபத்துக்கு முன்பே நகர்மன்றம் கேட்கத் தொடங்க வேண்டும்.